மூன்று மிளகாய்க் கடிதம்

பிள்ளைகள் எல்லாம் ஆங்கிலத்தை ஆப்பிளில் ஆரம்பிப்பார்கள். அவளும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் ஆரம்பித்தாள். ஆப்பிள் வந்த வழியே போய்விட்டது, மண்டையில் ஒன்றும் நிற்கவில்லை. அவளுக்கு ஆங்கிலம் ஏறியது பதினாறாவது வயதில், நான்கே வார்த்தைகளில். நெக்லிஜென்ஸ், டெப்லோரபிள், இன்எக்ஸ்கியூசபிள், ரெப்ரிஹென்சிபிள். நான்கும் ஒரே கடிதத்தில், ஒரே பத்தியில் வரிசைகட்டி நின்றன. கடிதம் அவளுடைய அண்ணனுக்கு வந்தது.

அம்மா அப்பா இல்லாத வீடு. அண்ணன் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் பிரஸ் மெஷின் ஓட்டி அவளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தான். ஓட்டல்களிலிருந்து படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்துப் பிழிந்து, ஈரம் காய்வதற்குள் சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே விட வேண்டும். உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. தவறிக் கை உள்ளே போனால் அந்தக் கம்பியில் இடிக்கும், இடித்ததும் மெஷின் நின்றுவிடும். விரிப்பு கொஞ்சம் தடித்து வந்தாலும் கம்பியில் பட்டு நின்றுவிடும். ஒரு நாளைக்கு இருபது தடவை நிற்கும். மானேஜருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் அவரே கையில் கட்டுக்கம்பிச் சுருளோடு வந்து, தடுப்பை அசையாமல் இறுக்கிக் கட்டிவிட்டார்.

"கட்டாதீங்க சார், யாரு கையாவது போயிடும்" என்றான் அண்ணன்.

"நீ மெஷினை ஓட்டு. என்னை ஓட்டாதே" என்றார் மானேஜர்.

செவ்வாய்க்கிழமை, கூட வேலை பார்த்த, விரிப்பை உள்ளே விடும் அக்கா ஒருத்தியின் இரண்டு விரல்கள் உருளைக்குள் போயின. ஓடிப்போய் மெஷினை நிறுத்தியது அண்ணன்தான். வியாழக்கிழமை அவனை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்கள். மேலிருந்து கீழ்வரை ஆங்கிலம்.

"இதுல என்ன சார் எழுதியிருக்கு?"

மானேஜர் அவன் தோளில் தட்டினார். "சும்மா ஒரு சம்பிரதாயம்தான்டா. கையெழுத்தைப் போடு, போய் வேலையைப் பாரு."

அண்ணன் போட்டான். தடுப்பைக் கட்டியது அவன்தான் என்று அந்தக் காகிதத்தில் இருந்தது. கையெழுத்துக்கு மேலே, படித்துப் புரிந்துகொண்டேன், குற்றம் என்னுடையது என்று இருந்தது. சனிக்கிழமை அதன் நகலைக் கையில் கொடுத்து, வேலை இல்லை என்று அவனை அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் தங்கச்சி பழைய அகராதி ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி அவனுக்குச் சொன்னாள். அலட்சியம். வெட்கக்கேடு. சாக்குச் சொல்லவே இடமில்லாத குற்றம். கடும் கண்டனத்துக்குரியது. அண்ணன் நான்கையும் கேட்டுவிட்டு, "இவ்வளவுமா என்னைப் பத்தி?" என்றான்.

எந்தச் சலவைக்கூடத்திலும் அவனை எடுக்கவில்லை. போகிற இடத்திலெல்லாம் பழைய இடத்தில் விசாரிப்பார்கள். பழைய இடத்திலிருந்து அந்த நான்கு வார்த்தைகளும் மிடுக்காகக் கிளம்பிப் போய்ச் சேரும். அண்ணன் அடுக்குமாடி வீடுகளில் படிக்கட்டு கழுவப் போனான். மெஷினைப் பற்றிப் பேசுவதை விட்டான். சிரிப்பையும் விட்டான். அவன் சிரித்தால் பக்கத்து வீட்டுக்கே கேட்கும், அப்படி ஒரு சிரிப்பு. அது போனது போனதுதான்.

அவள் அகராதியை விடவில்லை. அதில் ஒரு வசவைத் தேடிப் போனால் அது இன்னொரு வசவைக் கைகாட்டும். அந்த வீட்டுக்குப் போனால் அங்கே அதன் பங்காளிகள் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மனுஷனைக் குறைசொல்ல இத்தனை வார்த்தையா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. ஒரு நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டே வந்தாள். ரிப்ரூவ் என்றால் மெல்லக் கடிந்துகொள்வது. ரிப்ரிமாண்ட் என்றால் மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனை முறைப்படி கண்டிப்பது. சென்ஷர், நாலு பேர் கூடி, பதிவு செய்து கண்டிப்பது. டினவுன்ஸ், ஊரறியச் சாடுவது. எது முகத்துக்கு நேரே சொல்வது, எது காகிதத்தில் போடுவது, எதற்குப் பிறகு மன்னிப்பு உண்டு, எதற்குப் பிறகு இல்லை என்று அவளுக்கு அத்துப்படி ஆயிற்று. எதற்காகச் சேர்க்கிறாள் என்று அப்போது அவளுக்கே தெரியாது. யாருக்காகச் சேர்க்கிறாள் என்பது மட்டும் தெரியும்.

மூன்று வருடம் கழித்து அதே சலவைக்கூடத்தில் ஆபீசுக்கு டைப்பிஸ்ட் தேவை என்று அறிவிப்பு வந்தது. முன்னே இருந்த டைப்பிஸ்ட் கிழவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவள் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதினாள். காப்பாளர் பெயர் என்ற இடத்தில் அண்ணனுடைய பெயரை முழுசாக எழுதினாள். மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை. துரத்தினால் துரத்தட்டும், அந்த ஆளின் முகத்தையாவது ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று போனாள்.

மானேஜர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விண்ணப்பத்தைக் கையில் எடுத்தார். "வெரி குட்" என்றார். "வெரி வெரி குட்." அண்ணன் பெயர் அவருடைய கட்டைவிரலுக்குப் பக்கத்தில் பளிச்சென்று இருந்தது. அவர் கண் காகிதத்தின் மேல்தான் இருந்தது, ஆனால் நகரவில்லை. படிக்கிறவர் கண் இடமும் வலமுமாக ஓடும். இவர் கண் சுவரில் படத்தைப் பார்க்கிற மாதிரி ஒரே இடத்தில் நின்றது. ஒரு நிமிஷம் அப்படி நின்றுவிட்டு, தாளைத் திருப்பி, வெறும் பின்பக்கத்தையும் அதே மாதிரி பார்த்தார். அப்புறம், "நாளையிலேருந்து வந்துடும்மா" என்றார்.

அவளுக்கு விளங்கிவிட்டது. இந்த ஆளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அண்ணனுடைய வாழ்க்கையைக் கவிழ்த்த அந்தக் காகிதத்தை இவரும் படிக்கவில்லை. படிக்காத ஒருத்தர் நீட்ட, படிக்காத இன்னொருத்தன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அதைத் தெரிந்துகொண்டதும் அவளுடைய கோபம் குறையும் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு அவளைத் தெரியாது. இரண்டு பங்காயிற்று.

உள்ளே போனபிறகு அவருடைய நடைமுறை புரிந்தது. தொழிலாளிகள் அவரை மிளகாய் சார் என்பார்கள். காரணம் உண்டு. யார்மீதாவது கடிதம் கொடுக்க வேண்டுமென்றால், ஒரு துண்டுச்சீட்டில் அந்த ஆள் வேலை செய்யும் மெஷின் நம்பரை எழுதி, கீழே பென்சிலால் மிளகாய்ப் படம் போட்டு அனுப்புவார். தாமதமாக வந்தால் ஒரு மிளகாய். எதிர்த்துப் பேசினால் இரண்டு. வேலையை விட்டே தூக்க வேண்டுமென்றால் மூன்று. மீதியை டைப்பிஸ்ட் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய கிழவர் கடமை தவறாதவர். மூன்று மிளகாய்க்கு மூன்று மிளகாயின் காரத்தை நிஜமாகவே அரைத்து ஊற்றியிருக்கிறார்.

அவளுடைய முதல் கடிதத்தை மானேஜர் வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னம்மா இது, எல்லாம் இத்தனூண்டு வார்த்தையா இருக்கு? காரமே இல்லையே. பெருசு பெருசா போடு."

அப்போதுதான் அவளுக்கு அடுத்த விஷயமும் பிடிபட்டது. அவருக்கு நீளம்தான் காரம். வார்த்தை நீண்டால் திட்டு பலம். குட்டையாக இருந்தால் தடவிக் கொடுக்கிறது என்று கணக்கு. அவள் திரும்பப் போய், ஒரு வரி நீளத்துக்கு டிஸ்அப்பாயின்ட்மென்ட், டிஸ்ஸாட்டிஸ்ஃபேக்‌ஷன், மிஸ்அண்டர்ஸ்டாண்டிங், அன்ஃபார்ச்சுனேட்லி என்று அடுக்கிக் கொண்டுவந்தாள். ஏமாற்றமாக இருக்கிறது, திருப்தியில்லை, ஏதோ மனத்தாங்கல் போலிருக்கிறது, துரதிருஷ்டம், அவ்வளவுதான் அதன் பொருள். பக்கத்து வீட்டுக்காரர் கோலியாடும் பிள்ளையிடம் சொல்லக்கூடியது. மானேஜர் பார்த்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். "இது! இதுதான் எழுத்து. ஆளு படிச்சான்னா அன்னைக்குத் தூங்கமாட்டான்."

வேலையை விட்டு நீக்க வேண்டுமென்றால் கடிதம் பெரிய முதலாளியிடம் போக வேண்டும். அவர் படித்துப் பார்ப்பார்; ஏமாற்றம், மனத்தாங்கல் என்று இருக்கும். "கூப்பிட்டுப் பேசி அனுப்புங்க" என்று எழுதித் திருப்பிவிடுவார். "முதலாளிக்கு வயசாயிடுச்சு, என்ன போட்டாலும் காரம் ஏறமாட்டேங்குது" என்று மானேஜர் அலுத்துக்கொள்வார். இப்படியே நாலு வருடம். அந்த நாலு வருடத்தில் சலவைக்கூடத்தில் ஒருத்தர் வேலையும் போகவில்லை. கடிதம் வாங்குகிறவர்கள் அவளிடமே கொண்டுவந்து பொருள் கேட்பார்கள். அவள் சொன்னதும் சிரித்துக்கொண்டே போவார்கள். அவளுக்கு அகராதி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். "அகராதி பிடிச்சவன்னு திட்டறீங்களா?" என்று கேட்டால், "அதுவுந்தான்" என்பார்கள்.

நல்ல காரியம்தான் செய்தாள். ஆனால் நல்லவளாக இருந்து செய்தாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆள் கேட்டது எதுவும் அவருக்குக் கிடைக்கக் கூடாது என்பதுதான் அவள் எண்ணம். நாலு வருடம் தினமும் அவருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் குரலைக் கேட்டு, எழுந்து நின்று குட்மார்னிங் சொல்லி, வெறுப்பை அடைகாத்துக்கொண்டிருந்தாள். பெரிசாக ஒன்றைச் செய்ய வேண்டும். என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

வழி தானாகவே வந்தது. பெரிய முதலாளி படுத்த படுக்கையாகிவிட, அவருடைய மகள் பொறுப்புக்கு வந்தாள். முதலாளியம்மாவுக்கு எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும். எதையும் படிக்காமல் வெளியே விடமாட்டாள். அவள் வந்து இரண்டு மாதத்தில், அவர்களிடம் துணி போடும் பெரிய ஓட்டல் ஒன்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த ஓட்டல் தனக்கென்று சலவைப் பகுதி ஆரம்பிக்கிறதாம். உங்களிடம் வேலை பார்த்த பிரஸ் மெஷின்காரர் ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார், மெஷினை ஓட்டிக் காட்டினார், கை நன்றாக இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன்னால் நடந்த விபத்தைப் பற்றி மட்டும் உங்கள் மானேஜர் கையெழுத்தோடு எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

விண்ணப்பம் போட்டதை அண்ணன் அவளிடம் சொல்லவேயில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது கொடியில் அவனுடைய ஒரே நல்ல சட்டை துவைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டனை அவனே தைத்திருந்தான். நூல் வேறு நிறம்.

"எங்கண்ணா கிளம்பற?"

"எங்கயும் இல்ல. சும்மா துவைச்சேன்." சட்டையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே, "குட்டி, அந்த லெட்டரு இன்னும் அவங்ககிட்ட இருக்குமா? கிழிச்சுப் போட்டிருப்பாங்கல்ல?" என்றான்.

"தெரியலண்ணா" என்றாள். முதல் முறையாக அவனிடம் பொய் சொன்னாள். அந்தக் கடிதத்தின் நகல் அவள் மேஜைக்குப் பின்னால் மூன்றாவது கோப்பில் இருந்தது. அவள் தினமும் அதைக் கடந்துதான் தண்ணீர் குடிக்கப் போவாள்.

மறுநாள், முதலாளியம்மா சொல்லி விஷயத்தைத் தெரிந்துகொண்ட மானேஜர் துண்டுச்சீட்டு அனுப்பவில்லை, நேரிலேயே வந்தார். "பழைய பிரஸ்காரன் ஒருத்தன். அவன் கதை உனக்குத் தெரியாது. மெஷினைக் கெடுத்து, ஒரு பொம்பளை கையை வேக வெச்சவன். இப்ப ஓட்டலுக்குப் போய் நல்லவன் வேஷம் போடறான். பழைய ஃபைல்ல அவனுக்குக் குடுத்த லெட்டரு இருக்கும், அதைப் பார்த்து எழுது. அந்தக் கிழவன் சூப்பரா எழுதியிருந்தான். அந்தக் காரம் குறையக் கூடாது." மேஜையில் கிடந்த காகிதத்தை இழுத்து, மூன்று மிளகாய் வரைந்தார். யோசித்துவிட்டு மூன்றுக்கும் காம்பு வைத்தார். "புது மேடம் படிக்கப் போறாங்க. என் இங்கிலீஷை அவங்க பார்க்கணும். அவன் இனி எங்கயும் மெஷின் தொடக் கூடாது, சரியா?"

"சரிங்க சார்" என்றாள்.

அவர் போனதும் அவள் அந்த மூன்று மிளகாயையும் பார்த்தாள். ஏழு வருடம் கழித்து மறுபடியும் அதே நான்கு வார்த்தைகள், அதே ஆள்மீது, இந்தத் தடவை அவள் கையாலேயே தட்டி எடுக்க வேண்டும். தட்டாவிட்டால் வேறு யாராவது தட்டுவார்கள். டிஸ்அப்பாயின்ட்மென்ட் போட்டு மழுப்பவும் முடியாது; ஏமாற்றம் என்று எழுதினாலே போதும், ஓட்டல்காரர்கள் வேறு ஆளைப் பார்ப்பார்கள். கொடியில் தொங்கிய சட்டை கண் முன்னால் வந்து நின்றது.

அப்புறம் அவளுக்கு ஒன்று தோன்றியது. இந்த ஆள் நாலு வருடமாகத் தன்னிடம் காரம் காரம் என்று கேட்கிறார். ஒரு நாளாவது போட்டிருக்கிறோமா? இல்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டால் என்ன? அவள் மூன்றாவது கோப்பை எடுத்து, அண்ணனுடைய கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள்.

விபத்து நடந்த தேதியைப் போட்டாள். தடுப்புக் கம்பியைச் சனிக்கிழமை காலை நானே என் கையால் கட்டினேன் என்று போட்டாள். கட்டாதீர்கள், யாருடைய கையாவது போய்விடும் என்று பிரஸ் மெஷின்காரர் என்னைத் தடுத்தார், நான் கேட்கவில்லை என்று போட்டாள். பிறகு, பழி முழுவதையும் அவர்மேல் சுமத்தி, அவருக்கு வாசிக்கத் தெரியாத கடிதத்தில் கையெழுத்து வாங்கினேன் என்று போட்டாள். கடைசிப் பத்தியில் நோட்டைத் திறந்தாள். என்னுடைய செயல் நெக்லிஜென்ஸ் என்றாள். அது டெப்லோரபிள் என்றாள். இன்எக்ஸ்கியூசபிள் என்றாள். ரெப்ரிஹென்சிபிள் என்றாள். ஆத்திரம் அடங்காமல், அன்கான்ஷனபிள், அதாவது மனசாட்சி உள்ளவன் செய்யாதது, என்று ஒன்றைத் தன் கணக்கில் சேர்த்தாள். கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை. இதெல்லாம் நியாயமா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

மானேஜர் கடிதத்தைத் தூரத்தில் பிடித்தார். கடைசிப் பத்தியில் நீள நீளமாகக் கிடந்த வார்த்தைகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"போதுமாம்மா காரம்?"

"இதுக்கு மேல இங்கிலீஷ்ல காரம் இல்ல சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைத்தார். முக்கியமான கடிதங்களுக்கு மட்டும்தான் இரண்டு புள்ளி.

மறுநாள் பத்தரை மணிக்கு முதலாளியம்மா மானேஜரைக் கூப்பிட்டாள். குறிப்பெடுக்க அவளையும் கூப்பிட்டாள். மேஜைமேல் கடிதம் இருந்தது. அவள் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து பென்சிலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இது நீங்க எழுதினதா?" என்று முதலாளியம்மா கேட்டாள்.

"ஆமா மேடம்."

"டைப்பிஸ்ட் எழுதினது இல்லையே?"

மானேஜர் சிரித்தார். "அது தட்டறதோட சரி மேடம். வார்த்தையெல்லாம் என்னது. ஒவ்வொண்ணும் நான் பொறுக்கி எடுத்துப் போட்டது. காரம் குறைவா இருந்தா சொல்லுங்க, இன்னும் ஏத்திடலாம்."

"வேணாம். இதுவே ஜாஸ்தி." முதலாளியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏழு வருஷம் கழிச்சு இதை எழுதறதுக்கு ஒரு தைரியம் வேணும். ஏன் எழுதணும்னு தோணுச்சு?"

"உண்மையை எப்ப எழுதினா என்ன மேடம்? ஓட்டல்காரங்க ஏமாந்துடக் கூடாது பாருங்க."

"இப்படி ஒரு காரியம் பண்ணினவங்களை வேலையில வெச்சிருக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

"ஒரு நிமிஷம்கூட வெச்சிருக்கக் கூடாது மேடம்" என்றார் மானேஜர், மேஜையைத் தட்டி.

சுவரோரம் இருந்தவள் அதையும் குறித்துக்கொண்டாள். ஒரு எழுத்தும் விடவில்லை.

முதலாளியம்மா மடிப்புப் பகுதியிலிருந்து அந்த அக்காவை வரவழைத்தாள். இரண்டு விரல் மடங்காததால் அந்த அக்கா இப்போது தலையணை உறை மடிக்கிறாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அன்னைக்கு மெஷின்ல தடுப்பைக் கட்டினது யாரு, அக்கா?"

அக்கா மானேஜரைப் பார்த்தாள். அப்புறம் தன் விரல்களைப் பார்த்தாள். "ஏழு வருஷமா இதை என்கிட்ட ஒருத்தரும் கேக்கலம்மா. இதோ உக்காந்திருக்காரே, இவருதான். அந்தத் தம்பி கட்டாதீங்க கட்டாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிச்சு."

"பொய் மேடம்!" மானேஜர் எழுந்துவிட்டார். "வேணும்னா என் லெட்டரைப் படிச்சுப் பாருங்க!"

"அதைப் படிச்சுட்டுத்தானே கேக்கறேன். உங்க லெட்டர்லயும் இதேதான் இருக்கு." முதலாளியம்மா காகிதத்தை எடுத்து, வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். நானே என் கையால் கட்டினேன். அவர் தடுத்தார், நான் கேட்கவில்லை. என் செயல் வெட்கக்கேடானது. கண்டனத்துக்குரியது. மனசாட்சி உள்ளவன் செய்யாதது.

மானேஜரின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. மெல்லத் திரும்பி, சுவரோரம் இருந்தவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்தவில்லை.

"மேடம், இது... நான் இதைப் படிக்காம..."

"படிக்காமலா? ஒவ்வொரு வார்த்தையும் நான் பொறுக்கினதுன்னு இப்பதானே சொன்னீங்க?"

அவர் வாய் திறந்தபடியே நின்றது. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்று ஒரு வரி சொன்னால் போதும், அந்தக் கடிதத்திலிருந்து கழன்றுகொண்டிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் இத்தனை வருடம் அவர் போட்ட கையெழுத்தெல்லாம் என்ன என்ற கேள்வி வரும். அதைவிட, துணி மடிக்கிற ஒருத்தி எதிரில் நின்றுகொண்டிருக்கிறாள். லாரி ஓட்டுநராகச் சேர்ந்து இந்த நாற்காலிக்கு வந்தவர் அவர். படிக்கத் தெரியாததில் ஒரு கேவலமும் இல்லை, அண்ணனுக்குக்கூடத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று காட்டிக்கொண்டு அடுத்தவன் தலையில் கை வைத்ததுதான் கேவலம். வாயை மூடினார். உட்கார்ந்தார். அந்த ஒரு வரியை அவர் சொல்லவேயில்லை.

அரை மணி நேரத்தில் முதலாளியம்மா தன் கையால் மூன்று வரி எழுதி அவளிடம் கொடுத்தாள். அதைத் தட்டி மானேஜரிடம் கையெழுத்து வாங்கச் சொன்னாள். ஓட்டலுக்குப் போக வேண்டிய கடிதத்தை உறையில் போட்டு ஒட்டச் சொன்னாள்.

மானேஜர் அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். எப்போதும் அவள்தான் அவர் முன்னால் நிற்பாள். காகிதத்தை வாங்கினார், இந்தத் தடவை தூரத்தில் பிடிக்கவில்லை, மூக்குக்கு அருகே கொண்டுவந்து பிடித்தார். கண் ஒரே இடத்தில் நின்றது. மூன்றே வரி. எல்லாம் குட்டைக் குட்டை வார்த்தைகள். குரலைத் தாழ்த்தினார்.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?"

ஏழு வருடமாக அவள் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள் என்பது கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. நெஞ்சு இனித்தது. ஒளிவுமறைவில்லாமல் சொல்வதென்றால், அவ்வளவு இனிப்பு.

"சும்மா ஒரு சம்பிரதாயம்தான் சார். கையெழுத்தைப் போடுங்க, போய் வேலையைப் பாருங்க."

அவர் நிமிர்ந்தார். எங்கேயோ கேட்ட வார்த்தை என்பது முகத்தில் தெரிந்தது. எங்கே என்பது தெரியவில்லை. எத்தனை பேரிடம் சொன்னாரோ.

"நீங்க சொன்னதுதான் சார், எங்க அண்ணன்கிட்ட. பிரஸ் மெஷின் ஓட்டினாரே, அவரு. என் அப்ளிகேஷன்ல அவரு பேரை எழுதித்தான் கொடுத்தேன். நாலு வருஷமா உங்க பீரோவுலதான் இருக்கு."

பேனா மூடியைத் திறக்க இரண்டு தடவை முயன்றார். கையெழுத்துப் போட்டார். அடியில் கோடு இல்லை, புள்ளி இல்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அண்ணன் வாளியையும் துடைப்பத்தையும் வெளியே கவிழ்த்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தான். அவள் கடிதத்தின் நகலை எடுத்து, நின்றபடியே படித்தாள். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. கடைசிப் பத்திக்கு வந்ததும் குரலை உயர்த்தினாள். ஐந்து வார்த்தைகளையும் நிறுத்தி நிறுத்தி, பொருள் சொல்லிச் சொல்லிப் படித்தாள்.

"இவ்வளவுமா அவரைப் பத்தி?" என்றான் அண்ணன்.

"இவ்வளவும்."

அவன் ஈரக் காலோடு படியில் உட்கார்ந்தான். "அது கிடக்கட்டும். நான் கட்டாதீங்கன்னு சொன்னேன்னு வருதே, அதை இன்னொருக்கா படி."

படித்தாள். இன்னொரு தடவை கேட்டான். மறுபடியும் படித்தாள். அவன் முகத்தைத் துண்டால் துடைத்தான். துடைத்த பிறகும் துண்டை எடுக்கவில்லை. அப்படியே துண்டுக்குள்ளிருந்து கேட்டான்.

"அவரு வேலை போச்சா?"

"போச்சு. கையெழுத்துப் போட்டுட்டுப் போனாரு."

"என்ன எழுதியிருக்குன்னு கேக்கலையா?"

"கேட்டாரே."

"நீ என்ன சொன்ன?"

"சும்மா ஒரு சம்பிரதாயம்தான் சார், கையெழுத்தைப் போடுங்க, போய் வேலையைப் பாருங்கன்னேன்."

துண்டு அசையவில்லை. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து அவள் பக்கத்தில் உட்காரப் போனாள். துண்டை எடுத்தான், சிரித்துக்கொண்டிருந்தான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்தான். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து, யாரோ எட்டிப் பார்த்தார்கள்.